யுரேனியக் கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய யுரேனியக் கண்ணாடிப் பொருட்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஐயங்களோடுதான் வருகிறார்கள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, புற ஊதா விளக்கின் கீழ் தெரியும் பச்சை ஒளிர்வு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் தொகுத்திருக்கிறேன்.

யுரேனியக் கண்ணாடி என்றால் என்ன? அணுகுண்டில் போடுகிற அதே யுரேனியமா?

கண்ணாடிக் குழம்பு உருகிக்கொண்டிருக்கும்போது நிறமூட்டியாக யுரேனியச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்து செய்யப்பட்ட கண்ணாடி இது. கோபால்ட் நீலத்தையும் தங்கம் செந்நிறத்தையும் தருவதைப்போல யுரேனியம் மஞ்சளையும் பச்சை கலந்த மஞ்சளையும் தருகிறது. பெரும்பாலான பொருட்களில் அதன் அளவு எடையில் 2 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் சில பொருட்களில் 25 விழுக்காடு வரை இருந்ததாகக் குறிப்புகள் உண்டு. ஆனால் அவை விதிவிலக்குகள்.

தனிமம் அதேதான். ஆனால் இயற்கை யுரேனியத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் யுரேனியம்-238. அணுப்பிளவுக்கு வேண்டிய யுரேனியம்-235 அதில் ஏறத்தாழ 0.7 விழுக்காடு மட்டுமே. செறிவூட்டப்படாத யுரேனியம், அதிலும் கண்ணாடிக்குள் சிதறிக் கிடக்கும் யுரேனியம், எந்த வகையிலும் வெடிக்க வழியில்லை.

இதை யார், எப்போது செய்யத் தொடங்கினார்கள்?

ஜெர்மானிய வேதியியலாளர் மார்ட்டின் ஹைன்ரிஹ் கிளாப்ரோத் 1789இல் யுரேனியத்தைக் கண்டறிந்தார். கண்ணாடியில் அது பெரிய அளவில் இடம்பிடித்தது 1830களில்தான். போஹேமியாவில் ரீடல் குடும்பத்தார் மஞ்சளிலும் பச்சையிலும் ஒளிரும் இரண்டு கண்ணாடி வகைகளை உருவாக்கி, அக்குடும்பத்துப் பெண் அன்னாவின் பெயரால் ‘அன்னாகெல்ப்’, ‘அன்னாக்ரூன்’ என்று அழைத்தார்கள். அதே பத்தாண்டில் லண்டனின் வைட்ஃபிரையர்ஸ் ஆலையும், சிறிது காலத்தில் பிரான்சின் பக்காரா ஆலையும் யுரேனியத்தைப் பயன்படுத்தின.

போஹேமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்கம், இன்றைய செக் நாட்டின் யாகிமோவ், இதன் முதன்மையான மூலப்பொருள் ஊற்றாக இருந்தது. அங்கே கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் வேண்டிய யுரேனிய நிறமிகளைப் பிரித்தெடுத்த பிறகு கழிவாகக் கொட்டப்பட்ட தாதுவைத்தான் மரி கியூரியும் பியேர் கியூரியும் வரவழைத்துப் பதப்படுத்தி, ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரேடியத்தின் வரலாறு ஒருவகையில் கண்ணாடித் தொழிலின் குப்பைமேட்டிலிருந்து தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

வாஸ்லைன், கஸ்டர்ட், பர்மீஸ், ஜேடைட் என்று பல பெயர்கள் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

எல்லாவற்றிலும் யுரேனியம் இருக்கலாம். ஆனால் அவை வெவ்வேறு வகைகள். ஒளி ஊடுருவும் மஞ்சள் அல்லது மஞ்சள் கலந்த பச்சைக் கண்ணாடியை வாஸ்லைன் கண்ணாடி என்பார்கள். சிலர் யுரேனியம் உள்ள எதையும் அப்படி அழைப்பதால் வாங்கும்போது குழப்பம் நேர்கிறது. ஒளி ஊடுருவாத, தந்த நிறத்திலிருந்து வெளிர்மஞ்சள் வரையிலான பால்கண்ணாடி கஸ்டர்ட் எனப்படும். பர்மீஸ் கண்ணாடியை அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் ஆலை 1885இல் காப்புரிமையோடு வெளியிட்டது. அதில் யுரேனியத்தோடு தங்கமும் உண்டு. ஒரு பகுதியை மட்டும் மீண்டும் சூடாக்கும்போது அங்கே தங்கம் இளஞ்சிவப்பாக வெளிப்படும்; எஞ்சிய பகுதி மஞ்சளாகவே நிற்கும். இங்கிலாந்தின் தாமஸ் வெப் ஆலை உரிமம் பெற்று இதையே ‘குயின்ஸ் பர்மீஸ்’ என்ற பெயரில் செய்தது.

பச்சை நிறப் பால்கண்ணாடியான ஜேடைட்டில்தான் ஏமாற்றம் அதிகம். 1930களில் மெக்கீ, ஜெனட் ஆலைகள் செய்த ஜேடைட் பொதுவாக ஒளிரும். 1940களில் வெளிவரத் தொடங்கிய ஃபயர்-கிங் ஜேடைட்டில் யுரேனியம் சேர்க்கப்படவில்லை. அது பார்வைக்கு அதே பச்சையாக இருந்தும் விளக்கின் கீழ் ஒளிராது. அமெரிக்கப் பொருளாதார மந்தக் காலத்து மலிவான பச்சைக் கண்ணாடியும் இப்படித்தான்: அதன் நிறத்துக்குப் பெரும்பாலும் இரும்பே காரணம். சில வடிவங்களில் யுரேனியமும் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது.

எந்த யூ.வி. (புற ஊதா) டார்ச் வாங்க வேண்டும்? 365ஆ, 395ஆ?

தேடுவதற்கு 395 நானோமீட்டர் அலைநீள விளக்கே போதும், விலையும் குறைவு. அதன் குறை, கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியும் சேர்ந்து வருவது. அந்த ஊதா, பொருளின் மேல் படிந்து மங்கலான ஒளிர்வுகளை மறைத்துவிடும். 365 நானோமீட்டர் விளக்கில், குறிப்பாகக் கறுப்பு வடிகட்டி பொருத்தியதில், ஊதாக் கசிவு மிகக் குறைவு. ஒளிர்வின் உண்மையான நிறம் தெரியும்.

இரண்டும் இருந்தால் மிக நன்று, ஏனெனில் இரண்டிலும் ஒரே பொருளைப் பார்ப்பதே ஒரு சோதனையாகிறது. அந்தச் சோதனை எதற்கு என்பதைக் கீழே மாங்கனீசு பற்றிய விடையில் காணலாம். எந்த விளக்கானாலும் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. கண்ணாடியின் பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியையும் அருகில் வைத்து நெடுநேரம் பார்க்க வேண்டாம்.

டார்ச் இல்லாமல் வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

ஐயம் கொள்ள முடியும், உறுதி செய்ய முடியாது. ஒளி ஊடுருவும் மஞ்சள் யுரேனியக் கண்ணாடியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், விளிம்புகளிலும் தடித்த இடங்களிலும் பச்சை மூடுபனி போன்ற ஒரு சாயல் மிதக்கும். பகலொளியில் உள்ள புற ஊதாவும் நீலமும் அந்த ஒளிர்வைத் தூண்டுகின்றன. மஞ்சள் ஒளி தரும் பழைய வகைக் குண்டு பல்பின் கீழ் இந்தச் சாயல் ஏறத்தாழ மறைந்துவிடும். இரண்டு வெளிச்சத்திலும் மாற்றிப் பார்த்துப் பழகிய கண் நன்றாகவே ஊகிக்கும். ஆனாலும் பால்கண்ணாடியிலும் அடர்பச்சையிலும் அந்த ஊகம் எளிதில் தவறிப்போகும்.

என்னுடைய கண்ணாடிப் பொருள் பச்சையாகத்தான் ஒளிர்கிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது. இதுவும் யுரேனியம்தானே?

பெரும்பாலும் அது மாங்கனீசாக இருக்கும். மணலில் இயல்பாகவே கலந்திருக்கும் இரும்பு கண்ணாடிக்கு ஒரு பச்சைச் சாயலைத் தந்துவிடும். அதை நீக்கித் தெளிவான கண்ணாடி செய்வதற்காக மாங்கனீசைச் சேர்ப்பது பழைய ஆலைகளின் வழக்கம். நெடுங்காலம் வெயிலில் கிடந்த பழைய புட்டிகள் ஊதா நிறமாவதற்கும் இந்த மாங்கனீசே காரணம். புற ஊதா ஒளியில் இது வெளிறிய பச்சையாக ஒளிரும்.

வேறுபாடு இதுதான். யுரேனியம் 365, 395 ஆகிய இரண்டு விளக்குகளிலும் பளிச்சென்று எரியும். பொருளின் உட்புறமே விளக்காகிவிட்டதுபோல் தோன்றும். மாங்கனீசு 365இல் ஓரளவு தெரிந்து, 395இல் தளர்ந்துபோகும். அறை வெளிச்சத்தில் விளக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலும் யுரேனியம் விடாமல் தெரியும். மாங்கனீசுக்கு இருட்டும் நெருக்கமும் தேவை. ஒளிர்வு இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தாலே அது மாங்கனீசு என்று கொள்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் மிகக் குறைந்த அளவு யுரேனியம் கொண்ட பொருட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அவற்றுக்குக் கீழே சொல்லப்படும், கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவிகூடச் சில நேரம் தெளிவான விடை தராது.

மாங்கனீசுக் கண்ணாடியும் பழையதாக இருக்கலாம், அழகாகவும் இருக்கலாம். அதை அந்தப் பெயரில் வாங்குவதில் தவறில்லை. யுரேனியத்தின் பெயரில் விற்பதில்தான் தவறு.

ஆரஞ்சாக, இளஞ்சிவப்பாக, நீலமாக ஒளிர்கிறதே, அது என்ன?

மஞ்சள், ஆரஞ்சு அல்லது சிவப்பு ஒளிர்வு காட்மியம் இருப்பதைச் சுட்டும். மங்கலான இளஞ்சிவப்பு பெரும்பாலும் செலினியத்தால் வரும். நீலம் கலந்த வெண்மை ஈயக் கண்ணாடியில் காணப்படும். யுரேனியத்தின் ஒளிர்வு எப்போதும் பச்சையே. ஒரே பொருளில் இரண்டு நிறமூட்டிகள் இருப்பதும் உண்டு. அப்போது ஒரு பகுதி பச்சையாகவும் மற்றொரு பகுதி ஆரஞ்சாகவும் தெரியும். மேற்பரப்பில் மட்டும் திட்டுத்திட்டாக நீலம் தெரிந்தால் அது கண்ணாடியின் குணம் அன்று, சோப்புத்தூளின் வெண்மையூட்டியோ பசையோ எண்ணெயோ படிந்திருக்கிறது என்று பொருள். கழுவிவிட்டுப் பாருங்கள்.

ஒளிர்வது கதிரியக்கத்தால்தானே?

இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் மற்றப் பாதி ஐயங்கள் தாமே தீர்ந்துவிடும். கண்ணாடிக்குள் யுரேனியம் ஆக்சிஜனோடு பிணைந்து யுரேனைல் என்ற அயனியாக இருக்கிறது. அந்த அயனியின் எலெக்ட்ரான்கள் புற ஊதா அல்லது நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு, 500 முதல் 550 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியாகத் திருப்பிவிடுகின்றன. இது எலெக்ட்ரான்களின் வேலை. கதிரியக்கம் அணுக்கருவின் வேலை. விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். விளக்கடிப்பதால் கதிரியக்கம் கூடாது.

வரலாற்றிலும் இவை தனித்தனியாகவே தெரியவந்தன. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852இல் ஒளிர்வை ஆராய்ந்தபோது அவர் பயன்படுத்திய பொருட்களுள் யுரேனியக் கண்ணாடியும் ஒன்று. கதிரியக்கத்தை ஹென்றி பெக்கரல் யுரேனிய உப்புகளில் கண்டது 1896இல்தான். அதாவது, அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கதிரியக்கம் என்று ஒன்று இருப்பதே அறியாமல் இந்தக் கண்ணாடியைச் செய்தும் விற்றும் மேசையில் வைத்தும் வந்தார்கள்.

விளக்கை அணைத்த பிறகும் ஒளிருமா? நாளாக ஆக ஒளிர்வு குறைந்துவிடுமா?

இரண்டுக்கும் விடை இல்லை என்பதே. தூண்டும் ஒளி நின்றதும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் யுரேனைல் ஒளிர்வு அணைந்துவிடும். இருட்டில் தானாக மின்னும் பொருள் உங்களிடம் இருந்தால் அது வேறு ஏதோ ஒன்று. யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் என்பதால் யுரேனியம் தீர்ந்துபோகும் கவலையும் வேண்டாம். ஒளிர்வு குறைந்ததாகத் தோன்றினால் டார்ச்சின் மின்கலத்தைப் பாருங்கள்.

கைகர் கருவி கட்டாயம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் விளக்கால் முடிவு செய்ய இயலாத இடங்களில் அதுவே துணை. பயன்படுத்தும்போது முதலில் பொருள் இல்லாத இடத்தில் சில நிமிடங்கள் எண்ணிப் பின்புல அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பொருளுக்கு மிக அருகில் அதே நேரம் எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடுதான் விடை. கருவி எழுப்பும் ஒலியை மட்டும் கேட்டு முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் கருவி எங்கேயும் ஒலிக்கத்தான் செய்யும்.

கதிரியக்கத்தில் வெளிவரும் ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற மூன்று வகைக் கதிர்களுள் கருவி உணர்வது பெரும்பாலும் பீட்டாவை. யுரேனியம் வெளியிடும் ஆல்ஃபா துகள்களில் மேற்பரப்பை ஒட்டி இருப்பவை தவிர மற்றவை கண்ணாடிக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே வந்தவையும் காற்றில் சில சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். யுரேனியம்-238 சிதைந்து உருவாகும் தோரியம்-234, அதிலிருந்து வரும் புரோட்டாக்டினியம் ஆகியவற்றின் பீட்டா துகள்களே வெளியே எட்டுகின்றன. பீட்டாவைப் பிடிக்காத, காமாவை மட்டும் அளக்கும் மலிவுக் கருவிகள் சில, நல்ல யுரேனியக் கண்ணாடியின் முன்னாலும் பேசாமல் இருக்கும். அதை வைத்து ‘யுரேனியம் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது.

வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா? ரேடான் வாயு வருமாமே?

அலமாரியில் வைத்துப் பார்ப்பதாலும் எப்போதாவது கையில் எடுப்பதாலும் கிடைக்கும் கதிர்வீச்சு மிகச் சிறியது. ஆல்ஃபா பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடுகிறது என்பதை மேலே பார்த்தோம். பீட்டாவும் தூரம் கூடக்கூட விரைவாகக் குறைகிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை விதிகளில், எடையில் 2 விழுக்காட்டுக்கு மேற்படாமல் யுரேனியம் கொண்ட கண்ணாடிக் கலங்களுக்கு உரிமம் தேவையில்லை. 2013 ஆகஸ்ட் 27க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கு இந்த வரம்பு 10 விழுக்காடு. பெரிய தொகுப்பு வைத்திருப்பவர்கள் அதைத் தலைமாட்டில் வைக்காமல் அறையின் மறுபக்கம் வைத்தால் போதும். அச்சத்தால் அல்ல, காரணமின்றி நெருங்கி இருக்க வேண்டியதில்லை என்பதால் சொல்கிறேன்.

ரேடான் பற்றிய கேள்விக்கு வேதியியலே விடை தருகிறது. ரேடான், ரேடியத்திலிருந்து பிறக்கும் கதிரியக்க வாயு. கண்ணாடிக்காக யுரேனியத்தைத் தூய்மைப்படுத்தியபோதே ரேடியம் நீக்கப்பட்டு, யாகிமோவில் கழிவாகக் கிடந்தது. யுரேனியத்திலிருந்து மீண்டும் ரேடியம் உருவாக வேண்டுமானால் இடையில் தோரியம்-230 என்ற படி உண்டு. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள். நூற்றைம்பது ஆண்டில் அந்த வாயிலைத் தாண்டிப் போவது மிகச் சொற்பம். ஆகவே இந்தப் பொருட்களைக் கருதி ரேடானுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

அதில் சாப்பிடலாமா, குடிக்கலாமா?

என் பரிந்துரை: வேண்டாம். காரணம் கதிர்வீச்சைவிட வேதியியல். உடலுக்குள் போன யுரேனியம் ஒரு கன உலோகமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கண்ணாடியிலிருந்து கரைந்து வரும் அளவு சிறியது என்பதும் உண்மைதான். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், அமிலம் ஊற்றிச் சோதித்த யுரேனியக் கண்ணாடிப் பொருட்களில் லிட்டருக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் யுரேனியம் கரைந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவும் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமே. அதே ஆய்வில் யுரேனிய மெருகு பூசிய பீங்கானில் கரைந்தது இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே கண்ணாடிக்குச் சொல்லும் ஆறுதலைப் பீங்கானுக்குச் சொல்ல முடியாது.

ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டவர்கள் பதற வேண்டாம். புளிப்பானவற்றை, சூடானவற்றை, நெடுநேரம் ஊறவைப்பவற்றை மட்டுமாவது கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

கீழே விழுந்து உடைந்துவிட்டால்? விளிம்பில் சிறு சில்லு போயிருக்கிறது, சாணை பிடித்துச் சரிசெய்யலாமா?

உடைந்த துண்டுகளைச் சாதாரணக் கண்ணாடியைப்போல் கவனமாகப் பொறுக்கி, சிதறிய பொடியை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இருட்டாக்கி டார்ச் அடித்தால் கடைசித் துணுக்கு வரை பச்சையாகக் காட்டிக்கொடுக்கும் என்பது இந்தக் கண்ணாடிக்கே உரிய வசதி.

சாணை பிடிப்பது, துளையிடுவது, அறுப்பது, மீண்டும் உருக்குவது ஆகிய எதையும் வீட்டில் செய்யக் கூடாது. மேலே பாதுகாப்பு பற்றிச் சொன்னவை அனைத்தும் யுரேனியம் கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருக்கிறது என்ற அடிப்படையில் சொன்னவை. நுண்பொடியாக்கி மூச்சில் இழுத்தால் ஆல்ஃபா துகளுக்கும் நுரையீரலுக்கும் நடுவே எந்தத் தடையும் இல்லை.

எப்படிக் கழுவுவது?

இளஞ்சூடான நீர், மென்மையான சோப்பு, மெல்லிய துணி. பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட்டால் காலப்போக்கில் மேற்பரப்பு அரிக்கப்பட்டுப் பனிபடிந்ததுபோல் மங்கிவிடும்; அது திரும்பாது. கொதிநீரும் கூடாது.

ஒளிர்கிறது, யுரேனியம் என்பது உறுதி. எத்தனை ஆண்டு பழையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேகரிப்பின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. விளக்கை இனி கீழே வைத்துவிடலாம். ஒளிர்வுக்கு வயது இல்லை. 1840இல் செய்ததும் போன மாதம் செய்ததும் ஒரே பச்சையைத்தான் காட்டும். வயதைக் கண்ணாடியின் உடலில்தான் தேட வேண்டும்.

முதலில் எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஊதிச் செய்த பொருளின் அடியில், இரும்புக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த வடுவோ அதைத் தேய்த்து மெருகேற்றிய குழிவோ இருக்கும். அச்சில் அழுத்திச் செய்ததில் அச்சின் பாகங்கள் கூடிய இடத்தில் மெல்லிய கோடுகள் தெரியும். அடுத்து அடிப்பகுதியின் தேய்மானம். பல பத்தாண்டுகள் மேசையில் இழுபட்ட பொருளில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் எல்லாத் திசையிலும் நுண்கீறல்கள் இருக்கும். அடி முழுவதும் ஒரே திசையில் சீரான கீறல்கள் இருந்தால் உப்புத்தாள் வேலை செய்திருக்கிறது.

பிரிட்டனில் செய்தவற்றுக்கு ஒரு பெரும் உதவி உண்டு. 1842 முதல் 1883 வரை பதிவுசெய்த வடிவங்களில் சாய்சதுர முத்திரை இருக்கும். அதன் உச்சியிலுள்ள வட்டத்தில் கண்ணாடி வகுப்புக்கு உரிய ரோமன் மூன்று காணப்படும். ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இடம்பெற்றது. 1884 முதல் அது வரிசை எண்ணாக மாறியது: 1885 தொடக்கத்தில் 19,754, 1890இல் 1,41,273, 1900இல் 3,51,202. முத்திரை தருவது வடிவம் பதிவான நாளை மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. நன்றாக விற்ற வடிவத்தின் அச்சு பல ஆண்டுகள் ஓடியிருக்கும். ஆலை முத்திரைகளுள் சோவர்பியின் மயில் தலை எளிதில் அடையாளம் தெரிவது. அது 1876இல் பதிவானது. கேட்ஸ்ஹெட் நகரின் டேவிட்சன் ஆலையும் சிங்க முத்திரை இட்டதுண்டு. விளிம்பில் பால்வெண்மை படரும் அதன் ‘பிரிம்ரோஸ் பேர்லைன்’ வகை, என் கணிப்பில், புதிதாகச் சேகரிப்பவர்கள் தொடங்குவதற்கு ஏற்றது: வடிவங்கள் பல, பதிவு எண் உள்ளவையும் பல.

இப்போதும் இதைச் செய்கிறார்களா? புதியதைப் பழையது என்று விற்றுவிட மாட்டார்களா?

செய்கிறார்கள், விற்றும் விடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் யுரேனியம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனதால் 1943 முதல் கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை. 1958இல் தடை தளர்ந்த பிறகு ஆலைகள் மீண்டும் தொடங்கின. ஃபென்டன், பாய்ட், மாசர் ஆகியவை அந்தப் பிற்காலத்தின் தெரிந்த பெயர்கள். ஜப்பானின் ககாமினோ நகரில், அருகிலுள்ள நிங்யோ கணவாயில் தோண்டிய யுரேனியத்தைக் கொண்டு கண்ணாடி செய்து காட்டும் அருங்காட்சியகமே இருக்கிறது.

இவர்களுள் பலர் நேர்மையாக முத்திரை இட்டிருக்கிறார்கள். ஃபென்டன் 1970களிலிருந்து நீள்வட்டத்துக்குள் தன் பெயரைப் பொறித்தது. 1980களில் அதற்குக் கீழே 8 என்ற இலக்கமும் 1990களில் 9 என்ற இலக்கமும் சேர்ந்தன. பாய்ட் பொருட்களில் சாய்சதுரத்துக்குள் ‘பி’ எழுத்தும், மாசர் பொருட்கள் பலவற்றில் ‘எம்’ எழுத்தும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூடப்பட்ட ஆலைகளின் பழைய அச்சுகள் கைமாறி, அதே வடிவத்தைப் புதிதாக வார்க்கும்போது. அப்போது வடிவம் சாட்சி சொல்லாது. மேலே சொன்ன தேய்மானம், அச்சுக் கோடுகளின் கூர்மை, பழைய பட்டியல்களில் அந்த வடிவம் மஞ்சளில் செய்யப்பட்டதாகப் பதிவு உண்டா என்பது ஆகியவையே சொல்லும். அசல் ஆலை அந்த நிறத்தில் செய்யவே இல்லை என்று தெரிந்தால் வழக்கு முடிந்தது.

போருக்குப் பின் வந்ததில் செறிவு நீக்கிய யுரேனியம் என்கிறார்கள். அதை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிக்கலாமே?

கோட்பாட்டளவில் முடியும். அமெரிக்க ஆலைகள் 1958க்குப் பின் பயன்படுத்தியது யுரேனியம்-235 பெரிதும் குறைக்கப்பட்ட யுரேனியம். ஒளிர்வு வேதியியலைச் சார்ந்தது என்பதால் இரண்டும் ஒன்றுபோலவே ஒளிரும். விளக்கு இதில் உதவாது. கைகர் கருவி எண்ணும் பீட்டா கதிர்களும் யுரேனியம்-238இன் வழித்தோன்றல்களிலிருந்து வருவதால் அதுவும் பிரித்துக் காட்டாது. காமா நிறமாலைமானி இருந்தால், யுரேனியம்-235 வெளியிடும் 186 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கோடு எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். அதற்கும் நெடுநேர அளவீடும் கனமான மாதிரியும் வேண்டும். ஒரு சர்க்கரைக் கிண்ணத்தின் வயதுக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் இருக்கிறார்கள்; அடிப்பகுதியைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

படத்தில் பிரமாதமாக ஒளிர்கிறது. இணையத்தில் வாங்கலாமா? எதைக் கேட்க வேண்டும்?

இருட்டறையில் நெடுநேர வெளிச்சம் விட்டு எடுத்தால் மாங்கனீசும் பச்சைத் தீயாகத் தெரியும். ஆகவே ஒளிரும் படம் ஒன்று போதாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், அடிப்பகுதியின் அண்மைப் படம், விளிம்பைச் சுற்றிய படம், யுரேனியம் என்று உறுதியான வேறொரு பொருளோடு சேர்த்து ஒரே விளக்கில் எடுத்த படம் ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை அனுப்ப ஒரு விற்பனையாளர் மறுத்தால் அதுவும் ஒரு விடையே.

பழுதையும் இதே விளக்கு காட்டும். ஒட்டுப் பசை பெரும்பாலும் நீலமாகவோ வெண்மையாகவோ தெரிந்து, பச்சைக்கு நடுவே கோடு கிழித்ததுபோல் நிற்கும். மூடியும் கிண்ணமும் வேறு வேறு அளவில் ஒளிர்ந்தால் அவை வெவ்வேறு இணைகளைச் சேர்ந்தவையாக இருக்கலாம். பூச்சாடிகளின் உட்புறத்தில் தண்ணீர் நெடுங்காலம் தேங்கி உண்டான மங்கலை எண்ணெய் தடவி மறைப்பதுண்டு. உட்புறத்தைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு பார்த்தால் அது தெரிந்துவிடும். நாடு கடந்து வரவழைப்பதானால், கதிரியக்கப் பொருள் பற்றிய இரு நாட்டு விதிகளையும் அஞ்சல் நிறுவனத்தின் விதிகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். எல்லைகளில் கதிர் உணரிகள் இருக்கின்றன. பொதியின் மேல் உண்மையான விவரம் எழுதப்பட்டிருப்பதே நல்லது.

மிகப் பிரகாசமாக ஒளிர்ந்தால் யுரேனியம் அதிகம் என்று பொருளா?

அப்படிக் கொள்ள முடியாது. அடிக்கண்ணாடியில் இரும்பு இருந்தால் அது ஒளிர்வை விழுங்கும். யுரேனிய அயனிகள் மிக நெருங்கிவிட்டால் ஒன்றின் ஆற்றலை இன்னொன்று வாங்கி வீணாக்குவதால், குறிப்பிட்ட அளவுக்குமேல் சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு தணியவும் கூடும். பொருளின் தடிமனும் ஒளி ஊடுருவும் தன்மையும் கணக்கில் சேரும். பளீரென்று எரியும் மெல்லிய கிண்ணம் கைகர் கருவியில் தயங்குவதும், அடக்கமாக ஒளிரும் கனத்த தட்டு வேகமாக எண்ணவைப்பதும் வியப்பில்லை.

அப்படியானால் யுரேனியம் இருந்தும் ஒளிராத கண்ணாடி இருக்க முடியுமா?

முடியும். ஈயம் மிகுந்த கண்ணாடியில் யுரேனியம் வேறு வகையில் பிணைந்து ஆழ்ந்த மஞ்சளையோ ஆரஞ்சையோ தந்து, ஒளிர்வை இழந்துவிடுவது உண்டு. இரும்போ வேறு அடர்நிறமூட்டியோ மிகுந்திருந்தாலும் ஒளிர்வு வெளியே எட்டாது. இதன் முற்றிய வடிவத்தைப் பீங்கானில் காணலாம்: 1936இல் அறிமுகமான ஃபியஸ்டா வகையின் செம்மஞ்சள் மெருகில் யுரேனிய ஆக்சைடு தாராளமாக இருந்தும் அது டார்ச்சின் கீழ் பச்சையாக ஒளிர்வதில்லை. அதுவும் 1943இல் நிறுத்தப்பட்டு, 1959இல் செறிவு நீக்கிய யுரேனியத்தோடு திரும்பி வந்து, 1972 வரை விற்பனையில் இருந்தது.

இத்தகைய பொருட்களில் புற ஊதா விளக்கின் ‘இல்லை’ என்பதை ஏற்காமல், பீட்டாவை உணரும் கைகர் கருவியைக் கொண்டு, மேலே சொன்னபடி பின்புலத்தைக் கழித்து முடிவு செய்ய வேண்டும். பச்சையாக எரியும் கிண்ணத்தைக் கையில் தொட அஞ்சும் சிலர், ஒளிராத செம்மஞ்சள் தட்டில் உணவு பரிமாறுவதுண்டு. கரையும் அளவுகளை மேலே கண்டவர்களுக்கு, எதை அலமாரியில் மட்டும் வைக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.